கரகரப்பு

செலவைப் பார்க்காதீர்கள் என்று சொன்னாள். மரகதமா அப்படிச் சொன்னாள் என்று அந்த நிமிஷத்திலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். வெங்காயம் வாங்கிவிட்டுக் கொசுறாக ஒரு கொத்துக் கறிவேப்பிலைக்குத் தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி வாதாடுகிறவள், என் பழைய ரேடியோவை இன்னும் இரண்டு வருஷம் ஓட்டலாமே என்று துணியால் துடைத்து வைக்கிறவள், போன வெள்ளிக்கிழமை தோசையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், "நல்லதா ஒரு ஹெட்போன் வாங்கிக்குங்க. காதை முழுசா மூடற மாதிரி இருக்கோணும். செலவப் பாக்காதீங்" என்றாள். சோழியன் குடுமி சும்மா ஆடுமா? எனக்கென்று ஒரு சட்டை எடுத்தாலே விலைச்சீட்டைத் தேடுகிற அவள் கை இன்று ஹெட்போன் கடை சோபாவில் மடியின் மேல் சும்மா கிடக்கிறது. அதுவும் காதை முழுசா மூடுகிற மாதிரி. ஏன் மூட வேண்டும்? நல்ல பாட்டுக் கேட்பதற்கா, அல்லது வேறு எதையோ கேட்காமல் இருப்பதற்கா? நான் பம்ப் கம்பெனியில் டெஸ்டிங் செக்‌ஷனில் இருந்தவன். ஓடுகிற மோட்டாரின் மேல் திருப்புளியின் முனையை வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டி, பேரிங் நல்லதா கெட்டதா என்று சொல்வதுதான் வேலை. மீட்டரெல்லாம் சரியென்று காட்டிய மோட்டாரை நான் வேண்டாமென்று தள்ளி, பிரித்துப் பார்த்தபோது உள்ளே ஒரு குண்டில் மயிரிழைக் கீறல் இருந்திருக்கிறது. கந்தவேலண்ணன் காது வைத்தால் முடிந்தது என்பார்கள். அப்படிப்பட்ட காதை மூடுவதற்கு என் மனைவி பணம் செலவழிக்கத் தயாராக இருக்கிறாள். நான் என்னவென்று நினைப்பது?

கடையைக் காந்திபுரத்தில் பஸ்ஸில் போகும்போது பார்த்ததாகச் சொன்னாள். மாடியில் இருக்கிற கடை. போர்டு வேப்பமரத்துக்குப் பின்னால் பாதி மறைந்து கிடக்கிறது. பஸ்ஸிலிருந்து எப்படித் தெரிந்திருக்கும்? கேட்கவில்லை. கேட்டால் பதில் வரும், பதில் வந்தால் அந்தக் குரலை வேறு நான் கேட்டாக வேண்டும். கடைக்காரர் பெயர் ஜெயசீலன், முப்பத்தைந்து வயது இருக்கலாம், சிரித்த முகம், சிரித்த முகத்தை நான் எப்போதும் இரண்டாம் தடவை பார்ப்பேன். உள்ளே நுழைந்ததும் "வாங்கண்ணா" என்று என்னையும் "வாங்கக்கா" என்று அவளையும் கூப்பிட்டார். அந்த இரண்டாவது வாங்க பழகின வாங்க. பிறகு எங்களுக்குத் தண்ணீர் வந்தது. எனக்கு ஜில்லென்று, அவளுக்கு வெந்நீர். ஐந்து வருஷமாகத் தொண்டைக்கு ஆகாதென்று அவள் பச்சைத் தண்ணீர் குடிப்பதில்லை. இந்த விஷயம் எனக்குத் தெரியும், எங்கள் மகள் ஹேமலதாவுக்குத் தெரியும், காந்திபுரத்து மாடியில் ஆம்ப்ளிஃபயர் விற்கிறவருக்கு எப்படித் தெரியும்? வந்திருக்கிறாள். எனக்குத் தெரியாமல் முன்பே ஒரு தடவை இங்கே வந்து, இதே சோபாவில் உட்கார்ந்து, வெந்நீர் கேட்டுக் குடித்திருக்கிறாள். நான் இந்தக் கணக்கையெல்லாம் போட்டுக்கொண்டிருந்தபோது மூலையில் ஹெட்போன் மாட்டியிருந்த ஒரு காலேஜ் பையன் திடீரென்று "அண்ணா, பேஸ் அள்ளுதுங்ணா!" என்று கடை அதிரக் கத்தினான். எல்லாரும் சிரித்தார்கள். அவனுக்கு ஏனென்று புரியவில்லை. "மாட்டிக்கிட்டா எல்லாருமே கத்துவாங்ண்ணா. தன்ற குரல் தனக்கே கேக்காதுங்களே" என்றார் ஜெயசீலன். மரகதமும் சிரித்தாள். சிரித்துவிட்டு என்னைப் பார்த்தாள், உடனே நிறுத்திக்கொண்டாள்.

ஹெட்போனை மூன்று மாட்டிப் பார்த்து ஒன்றில் வந்து நின்றோம். கனமான கறுப்புக் கிண்ணங்கள், காதைச் சுற்றித் தோல் மெத்தை. மாட்டியதும் கடையின் ஏசி, கீழே தெருவின் ஹாரன், அந்தப் பையனின் இருமல் எல்லாம் கதவு சாத்தின மாதிரி போய்விட்டன. "கண்ணாடியக் கழட்டிருங்ண்ணா. காம்பு நடுவுல நின்னா மெத்தை சரியா உக்காராது. வெளிச்சத்தம் உள்ள வரும், பேஸும் போயிரும்" என்று ஒரு பக்கத்தைத் தூக்கிச் சொன்னார். கழற்றிச் சட்டைப்பையில் வைத்தேன். கழற்றினால் நாலடிக்கு அப்பால் எனக்கு எல்லாம் நிறம்தான். மரகதம் ஒரு மஞ்சள் புடவை, ஜெயசீலன் ஒரு நீலச் சட்டை. காதையும் மூடி, கண்ணையும் பிடுங்கிக்கொண்டார்கள் என்று தோன்றியது. இனி இதற்கு ஆம்ப்ளிஃபயர் பொருத்த வேண்டும். இந்த ஹெட்போனுக்கு உள்சுருளில் தடை அதிகம், போனில் நேராகச் செருகினால் சத்தம் சோனியாகத்தான் வரும், தள்ளுவதற்குத் தெம்பான ஆம்ப் வேண்டும் என்றார். அது எனக்குச் சொல்லிப் புரிய வேண்டிய விஷயமில்லை. ஒரு குதிரைத்திறன் மோட்டாரில் ஏழரைக் குதிரைப் பம்பைக் கட்டினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். இரண்டு பெட்டி வைத்தார். ஒன்று சின்னது, கறுப்பு. இன்னொன்று வெள்ளி நிறம், பெரியது, விலை இரண்டரை மடங்கு. நடுவில் ஒரு சுவிட்ச் பெட்டி. இந்தப் பக்கம் தள்ளினால் கறுப்பு, அந்தப் பக்கம் தள்ளினால் வெள்ளி. எனக்கு உடனே விவசாயக் கண்காட்சி ஞாபகம் வந்தது. சில கம்பெனிக்காரர்கள் தங்கள் பம்பின் குழாய் வாயை மட்டும் கொஞ்சம் சிறிதாக வைப்பார்கள். தண்ணீர் தூரமாகப் பீய்ச்சும். பார்க்கிறவன் ஆகா என்ன வேகம் என்று அதையே வாங்கிப் போவான். வாளியை வைத்து அளந்தால்தான் குட்டு உடையும். இவரும் வெள்ளியைக் கொஞ்சம் சத்தமாக வைப்பார், சத்தம் கூடினது காதுக்கு நன்றாயிருப்பது போலத் தெரியும். "ரெண்டும் ஒரே சத்தத்துல வெக்கோணும்" என்றேன். "வெச்சாச்சுங்ண்ணா" என்று உடனே வந்தது பதில். அவ்வளவு உடனே வந்திருக்க வேண்டாம்.

வீட்டிலிருந்து கொண்டுபோன நாகஸ்வரக் கச்சேரியைப் போட்டேன். தோடி. எனக்கு அதில் ஒவ்வொரு மூச்சும் தெரியும், வித்வான் சீவாளியை உதட்டில் சரி செய்துகொள்ளும் இடம்கூடத் தெரியும். "இப்ப கறுப்புங்" என்று சொல்லிவிட்டுக் கிண்ணத்தைக் காதில் மூடினார். நன்றாக இருந்தது. இருக்கட்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தபோது நீலச் சட்டை நகர்ந்து மஞ்சள் புடவைக்குப் பக்கத்தில் போய் நின்றது. பேசுகிறார்கள். நாகஸ்வரத்துக்கு மேலே ஒரு எழுத்துகூட வரவில்லை. வாயும் தெரியவில்லை. மஞ்சள் லேசாகக் குலுங்கியது. சிரிக்கிறாள். வீட்டில் எப்போது இப்படிக் குலுங்கினாள்? நான் ரிடையர் ஆனதிலிருந்து பார்க்கிறேன், அவள் குரலில் ஒரு சத்தம் இருக்கிறது. புதிதாக வந்தது. "ம்" என்று சொல்லும்போது, "சாப்பிட வாங்க" என்று சொல்லும்போது, அடியில் மெல்லிசாக, பேரிங்கில் கிரீஸ் காய்ந்தால் வருமே அந்த மாதிரி ஒரு கரகரப்பு. மனிதன் எதையாவது உள்ளே மறைத்துக்கொண்டு பேசினால் குரல் அப்படித்தான் ஓடும். ஹேமலதா பூனாவிலிருந்து கூப்பிட்டால் போனை எடுத்துக்கொண்டு துணி காயப்போடுகிற பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள். நான் அந்தப் பக்கம் தண்ணீர் குடிக்கப் போனால் பேச்சு நின்றுவிடுகிறது. "சரி கண்ணு, அப்பறம் பேசறேன்." பரணிலிருந்து பெரிய சூட்கேஸை இறக்கி வெயிலில் வைத்தாள். கேட்டதற்குப் பூச்சி அரிக்கிறது என்றாள். பூச்சி! அந்த சூட்கேஸ் பிளாஸ்டிக். போகப் போகிறாள். மகளோடு இருந்துவிடப் போகிறாள். அழுகிற குழந்தையின் கையில் ஒரு பொம்மையைக் கொடுத்து உட்கார வைத்துவிட்டுப் பின்வாசல் வழியாகக் கடைக்குப் போவார்களே, அந்தப் பொம்மைதான் இப்போது என் காதில் மாட்டியிருக்கிறது. எவ்வளவு நல்லதாக வாங்கித் தருகிறாளோ அவ்வளவு நாள் வரமாட்டாள் என்று அர்த்தம். எனக்குக் குக்கரில் அரிசிக்கு எவ்வளவு தண்ணீர் என்று தெரியாது. அது போகட்டும், அரிசியைப் பற்றி இல்லை. சாயங்காலம் விளக்குப் போடும் நேரத்தில் அந்த வீட்டில் வேறு ஒரு ஆள் நடமாடும் சத்தம் இல்லாவிட்டால் நான் என்ன ஆவேன் என்று நினைத்தேன். 

"இப்ப வெள்ளிங்ண்ணா." கிண்ணம் மறுபடி மூடியது. அதே தோடி, அதே இடம். கேட்டேன். உண்மையாகவே காது கொடுத்துக் கேட்டேன், திருப்புளி வைத்துக் கேட்கிற மாதிரி. இருந்தது. நாதத்துக்குப் பின்னால், ஒத்து ஊதுகிற சத்தத்துக்கும் அடியில், மெல்லிய கரகரப்பு. எனக்குச் சிரிப்பு வந்தது. இரண்டரை மடங்கு விலை! மறுபடி கறுப்பைப் போடச் சொன்னேன், சுத்தம். மறுபடி வெள்ளி, கரகரப்பு. கழற்றிவிட்டு, "உங்க வெள்ளிப் பொட்டில ஒரு கரகரப்பு இருக்குதுங் தம்பி. ஏமாத்த வேற ஆளப் பாருங்க. நான் இந்தக் காதாலயே சோறு தின்னவன்" என்றேன். கொஞ்சம் ஓங்கித்தான் சொன்னேன். மஞ்சள் புடவை குனிந்துகொண்டது. ஜெயசீலன் கோபப்படவில்லை. கரகரப்பா என்று தானே குனிந்து பெட்டியின் பின்னால் பார்த்தார், ஒரு வயரைப் பிடித்துக்கொண்டே போனார், நின்றார். "அட சாமி" என்றார். காலையில் வேறு யாருக்கோ மாற்றியபோது வெள்ளிக்குப் போக வேண்டிய வயரையும் கறுப்பிலேயே செருகி வைத்திருக்கிறார். சுவிட்சை எந்தப் பக்கம் தள்ளினாலும் கறுப்புதான் பாடியிருக்கிறது. "என்ற தப்புதானுங்ண்ணா, மன்னிச்சுக்குங். நீங்க இவ்வளவு நேரம் ஒரே ஆம்ப்தான் கேட்டீங்க." ஒரே ஆம்ப். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். வேண்டுமென்றே செய்தானா? என் காதைச் சோதித்தானா? மரகதம் சொல்லிக் கொடுத்தாளா, இவருக்குத் தன் காதைப் பற்றி ரொம்ப நினைப்பு, ஒருநாள் உடைத்துக் காட்டுங்கள் என்று? ஆனால் அவர் காது மடல் சிவந்துபோயிருந்தது, வயரைப் பிடுங்கும் கை தடுமாறியது. தப்புச் செய்தவன் கைதான் அது, தந்திரக்காரன் கை இல்லை. அப்படியென்றால் நான் கேட்டது எது? வெள்ளி என்று சொன்னபோது இருந்தது, கறுப்பு என்று சொன்னபோது இல்லை. இடையில் மாறினது வயர் இல்லை, ஆம்ப் இல்லை. மாறினது அவர் சொன்ன வார்த்தை மட்டும்.  நான் வேண்டாமென்று தள்ளிய மோட்டார்கள், பிரித்தும் ஒன்றும் அகப்படாமல் போன சில மோட்டார்கள், அதற்கும் கந்தவேலண்ணன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று பேரிங்கை மாற்றிப்போட்ட மெக்கானிக்குகள். அதையெல்லாம் நினைக்காதே. ஓய்வு வாங்கியாயிற்று.

"நிதானமாக் கேளுங்ண்ணா, இப்ப சரியா இருக்கு" என்று சொல்லிவிட்டு அவர் மறுபடி சோபாப் பக்கம் போனார். நான் ஹெட்போனை மாட்டினேன். மாட்டுவதற்கு முன் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டேன். கேட்டால் பெட்டியில் இருக்கும் எழுத்தைப் படிக்க என்று சொல்லலாம் என்று பதிலும் தயாராக வைத்தேன், யாரும் கேட்கவில்லை. ஆம்ப்பின் குமிழை முழுதாகக் குறைத்தேன். பாட்டு நின்றது. காம்பு நின்ற இடத்தில் மெத்தை லேசாகத் தூக்கியிருந்தது. தொடையில் தாளம் போட்டேன், தலையை ஆட்டினேன், இல்லாத தோடிக்கு ஒரு சபாஷ்கூடப் போட்டேன். திருடன்கூட இவ்வளவு நாடகம் ஆடமாட்டான். முதலில் பேச்சு பக்கத்து வீட்டுப் பேச்சு போல மொத்தையாக வந்தது. பிறகு காது பழகிவிட்டது.

ஜெயசீலன்தான் கேட்டார். "தப்பா நெனக்காதீங்கக்கா. இங்க வர்றவங்க எல்லாம் பாட்டு எப்படிக் கேக்கும்னு கேப்பாங்க. நீங்க போன வாரம் வந்தப்ப வெளிச்சத்தம் எவ்வளவு உள்ள போகும்னு மட்டுந்தான் கேட்டீங்க. ஏனுங்?"

"அவருக்கு வூட்டுச் சத்தம் கேக்கக் கூடாது தம்பி. ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் போதும்" என்றாள் மரகதம். "அவரு காதுதான் எங்களுக்குச் சோறு போட்டுது, இல்லைன்னு சொல்லல. ஆனா இப்ப நாள் முழுக்க வூட்ல இருக்காருங்களா, நானும் ஒரு பம்பு மோட்டாராட்டம் ஆயிட்டனுங். மிக்சி போட்டா பேரிங் போச்சும்பாரு. கதவு தொறந்தா கீலு போச்சும்பாரு. நான் கொட்டாவி வுட்டா என்ன சத்தம்னு கேப்பாரு. புள்ளகிட்ட போன்ல ரெண்டு வார்த்தை சிரிச்சுப் பேசினா, உன்ற குரல் சரியில்லையே, என்னத்த மறைக்கறேங்கறாரு. அதுக்குப் பயந்துக்கிட்டு பால்கனிக்குப் போனா, ஏன் பால்கனிக்குப் போறேங்கறாரு. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்ங்கற மாதிரி இவருக்குக் காது."

ஜெயசீலன் என்னவோ சொன்னார், சிரிப்பில் போய்விட்டது. அவளும் சிரித்தாள், ஆனால் சீக்கிரம் நின்றது.

"புள்ள பூனாவுக்கு வந்துரும்மா, ரெண்டு மாசம் நிம்மதியா இருன்னு கூப்பிடறா. பொட்டியக்கூட எறக்கி வெயில்ல வெச்சுப் பாத்தேன். வுட்டுட்டுப் போக மனசு வரலீங். அவருக்கு நானில்லாட்டி வூட்டுல ஒரு சத்தமும் இருக்காது, பயந்துக்குவாரு. இது மட்டும் சரிப்பட்டு வந்துச்சுன்னா நான் எங்கயும் போக வேண்டியதில்ல பாருங். ஒரு மணி நேரம் யாருக்கும் கேக்காம எந்திரிச்சு உக்காந்து, பாத்திரத்தக் கீழ போட்டு, இருமித் தொலச்சு இருந்துக்குவேன். அதான் செலவப் பாக்காதீங்கன்னேன்."

தாளம் போட்டுக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. உடனே மறுபடி போட்டேன். அவள் போய்விடுவாள் என்பதற்கு நான் வைத்திருந்த ஒவ்வொரு சாட்சியும், சூட்கேஸ், பால்கனி, வெந்நீர், செலவைப் பார்க்காத கை, எல்லாம் அப்படியே இருந்தன, ஒன்றுகூடப் பொய் இல்லை. எல்லாம் போகாமல் இருப்பதற்கு அவள் பட்ட பாடு. இதை ஒட்டுக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்ததே என்று வெட்கமாக இருந்தது. கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் வைத்தேன். மெத்தை நன்றாக உட்கார்ந்தது. அவள் இன்னும் பேசிக்கொண்டிருந்தாள், மஞ்சள் நிறம் அசைந்தது, ஒரு சொல்லும் வரவில்லை. பேசட்டும். அந்த ஒரு மணி நேரம் இப்போதே ஆரம்பிக்கட்டும். பாட்டைக் கூட்டலாம் என்று குமிழில் கை வைத்தேன், அப்போதுதான் கேட்டது. பாட்டில்லை, பேச்சில்லை, ஏசி இல்லை, ஒன்றுமே இல்லாத அந்த மூடின கிண்ணத்துக்குள் மெல்லிசாக, கிரீஸ் காய்ந்த பேரிங் போல, கரகரப்பு. குமிழ் பூஜ்யத்தில் இருந்தது. சந்தேகப்பட்டு செருகியைப் பிடுங்கினேன். அப்போதும் இருந்தது. மூச்சைப் பிடித்தேன், இருந்தது. வெள்ளிப் பெட்டியில் கேட்டது இதுதான். எங்கள் மிக்சியில் கேட்டது இதுதான். அவளுடைய "ம்"மில் நான் இத்தனை நாளும் கேட்டு, என்னத்த மறைக்கறே என்று அவளை விரட்டினது இதுதான். அத்தனை வருஷம் டெஸ்டிங் மேடையில் அலறுகிற மோட்டார்களுக்கு நடுவில் நின்ற காது. எங்கெங்கேயோ வைத்துப் பார்த்த திருப்புளியை என் பக்கம் திருப்பிப் பார்க்கத் தோன்றவில்லை.

மரகதம் என்றேன். நாலு பேர் முன்னால் நான் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, இந்தா, ஏம்புள்ள, இவ்வளவுதான். இப்போதும் கூப்பிட்ட மாதிரித் தோன்றவில்லை, வாய்க்குள் சொல்லிக்கொண்ட மாதிரிதான் இருந்தது. "மரகதம், உன்ற குரல்ல ஒண்ணுமில்ல. கோளாறு என்ற காதுலதான். நீ பால்கனிக்கெல்லாம் போவ வேண்டாம்." மஞ்சள் எழுந்து நின்றது. மூலையில் ஒரு சிவப்பு, கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு பச்சை, எல்லா நிறமும் என் பக்கம் திரும்பின. நீலம் அசையாமல் நின்றது. அவள் வேகமாக வந்தாள், கிட்ட வர வர முகமானாள், கண் இரண்டும் நனைந்திருந்தது. வலது பக்கக் கிண்ணத்தை ஒரு விரலால் தூக்கினாள்.

"மெல்லப் பேசுங்க. கடை முச்சூடும் கேக்குது."

அவள் குரலில் அந்தக் கரகரப்பு அப்படியே இருந்தது.

"கேக்கட்டும்" என்றேன்.